ஆம்ப் மாற்றியும் டாக் மாற்றியும் வித்தியாசம் கேட்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சோதிக்கும் வழிமுறை

புது ஆம்போ (ஒலிச் சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி), டாக்கோ (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக மாற்றும் பெட்டி) வந்துவிட்டது, மாட்டியும் ஆயிற்று. பழையதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று மட்டும் காதுக்குப் பிடிபடவில்லை. இந்தப் புகாருக்கு மூன்று விதமான காரணம் உண்டு. வேறுபாடு இருந்தும் இணைப்போ அறையோ அதை மறைக்கலாம். ஒப்பிடும் முறை தப்பாக இருக்கலாம். உண்மையிலேயே வேறுபாடு இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டையும் சோதித்துக் கழிக்காமல் மூன்றாவது முடிவுக்கு வரக்கூடாது. அவற்றைக் கழிக்காமல் அடுத்த பெட்டிக்குப் பணம் கட்டுவது அதைவிடத் தப்பு.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே செலவில்லாத சோதனை முதலில் வரும், காசு பிடிக்கும் வேலை கடைசியில் வரும். தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், 1.5 வோல்ட் ஏஏ பேட்டரி ஒன்று, அளவு நாடா, கைக்கண்ணாடி, துணைக்கு ஒரு ஆள். மோனோவில் பதிவான பேச்சுக் குரல், 300 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோன், 20-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஸ்வீப் ஆகியவற்றை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் ஸ்பீக்கர் முனைகளைப் பாருங்கள்

இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்றின் கோன் (ஒலி எழுப்பும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும். பேஸ் கரைந்துபோகும். பாடகர் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடக்கும். இந்த நிலையில் எந்த ஆம்பை எந்த ஆம்போடு ஒப்பிட்டாலும் பயனில்லை.

மோனோ குரலை ஓடவிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்காருங்கள். குரல் நட்ட நடுவில் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் இரண்டு முனையை மட்டும் மாற்றிப் பாருங்கள். குரல் நடுவுக்கு வந்து பேஸும் கூடினால் சிக்கல் அதுதான்.

ஒயரில் நிறக்குறி இல்லாவிட்டால், ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி, அந்த முனைகளில் ஏஏ பேட்டரியை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். பேட்டரியின் + எந்த இழையைத் தொடும்போது வூஃபர் (பேஸ் தரும் பெரிய கோன்) வெளியே தள்ளுகிறதோ அதுதான் +. தொட்டபடியே வைத்திருக்காதீர்கள், காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) சூடேறும். ஆம்ப் உள்ளேயே இருக்கும் பவர்டு ஸ்பீக்கருக்கு இந்தச் சோதனை கூடாது.

ஒயர் முனைகளையும் பாருங்கள். கடலோர ஊர்களில் செம்பு இழை பச்சை பூத்துப் போவது சாதாரணம். அரை அங்குலம் வெட்டிவிட்டு, புதிதாக உரித்து, முறுக்கி மாட்டுங்கள்.

## "புதுப் பெட்டி மாட்டினேன், பழையது போலவே இருக்கிறது"

சத்தம் அந்தப் பெட்டி வழியாகத்தான் வருகிறதா? பாட்டு ஓடும்போதே புது டாக்கின் ஆர்.சி.ஏ. ஒயரை உருவுங்கள். சத்தம் நிற்காவிட்டால், டிவியின் எச்.டி.எம்.ஐ. வழியாகவோ போனின் ப்ளூடூத் வழியாகவோ பாட்டு வேறு பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனாலும் இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

நடுவில் ஏ.வி. ரிசீவர் (ஹோம் தியேட்டர் ஆம்ப்) இருக்கிறதா? பெரும்பாலான ரிசீவர்கள் அனலாக் இன்புட்டில் வருவதை மறுபடி டிஜிட்டலாக்கும். ஈக்வலைசர், பேஸ் பிரிப்பு எல்லாம் செய்து, தன் சொந்த டாக் வழியாகத்தான் வெளியே அனுப்பும். வெளியில் இரண்டு டாக்கை மாற்றி மாற்றி மாட்டினாலும் கடைசியில் கேட்பது ரிசீவரின் டாக்கைத்தான். ரிமோட்டில் 'டைரக்ட்' அல்லது 'ப்யூர் டைரக்ட்' போட்டுவிட்டு ஒப்பிடுங்கள். அது இல்லாத ரிசீவருக்கு வெளி டாக் வாங்குவது வீண் செலவு.

ஒலி ஒப்பனைகள் எல்லாம் அணைந்திருக்கின்றனவா? போனில் டால்பி, ஈக்வலைசர், கணினியில் ஒலி அமைப்புக்குள் இருக்கும் 'என்ஹான்ஸ்மென்ட்ஸ்', டிவியில் 'நைட் மோட்' ஆகியவை ஒலியின் நிறத்தை மாற்றும், அல்லது ஓங்கிய ஒலியை அமுக்கித் தணிந்த ஒலியைத் தூக்கிவிடும். இரண்டு கருவிக்கும் ஒரே முலாம் பூசினால் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

பாட்டுக் கோப்பு எப்படிப்பட்டது? ஃப்ளாக் (தரம் இழக்காமல் சுருக்கிய கோப்பு) என்று பெயர் இருப்பதால் மட்டும் அது ஃப்ளாக் ஆகிவிடாது. 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து பாருங்கள். நிறப் படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்தது போல நின்றால், 128 கே.பி.பி.எஸ். எம்பி3-ஐ யாரோ ஃப்ளாக்காக மாற்றியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். 20 கிலோஹெர்ட்ஸில் நின்றால் பெரும்பாலும் 320-லிருந்து வந்தது. பழைய மோனோ திரைப்பாடலை வைத்து 'ஸ்டேஜ் விரிகிறதா', அதாவது குரலும் கருவிகளும் இடம் வலமாகப் பிரிகின்றனவா என்று பார்ப்பதும் வீண்தான். பதிவில் இல்லாததை எந்தக் கருவியும் தராது. ஒப்பிட, இசைக்கருவிகள் குறைவாகவும் இடைவெளி நிறையவும் உள்ள, நீங்கள் மனப்பாடமாக அறிந்த பதிவுகள் மூன்று போதும்.

மேலே உள்ளவையும் கீழே வரும் ஒலியளவு, அறைச் சோதனைகளும் சரி, இன்னும் ஒன்றாகவே கேட்கிறதா? அப்படியானால் பெட்டிகள் உண்மையிலேயே ஒன்றுபோல் வேலை செய்கின்றன. ஒழுங்காக வடிவமைத்த இரண்டு டாக்குகளின் இரைச்சலும் சிதைவும் காதுக்கு எட்டும் அளவுக்கு வெகு கீழே இருக்கும். பழுதில்லாத இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்புகளும், திணறாத ஒலியளவில், சமப்படுத்திக் கேட்டால் பிரித்தறிய முடியாதவை. சீடி தரத்துக்கும் அதைவிட உயர்ந்த ஹை-ரெஸ் தரத்துக்கும் இதே கதைதான். மேயர், மொரான் என்ற இருவர் எஸ்.ஏ.சி.டி. (ஹை-ரெஸ் ஒலி உள்ள வட்டு) ஒலியின் நடுவே சீடி தரத்துக்கு இறக்கும் பெட்டியைச் செருகியும் எடுத்தும் கேட்கவைத்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 554 முறையில் 276 முறை சரியான விடை வந்தது. பூவா தலையா போட்டாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். உங்கள் காது மோசம் என்று இதற்குப் பொருளில்லை. அடுத்த செலவை ஸ்பீக்கரிலும் அறையிலும் போடுங்கள்.

## "மாட்டிய அன்று அபாரம், மறுநாள் ஒன்றும் தெரியவில்லை"

இந்தப் புகாரில் பெரும்பாலும் குற்றவாளி ஒலியளவுதான். ஒரு கருவி அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் 'சத்தம் அதிகம்' என்று நமக்குத் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது', 'பேஸில் உயிர் இருக்கிறது' என்றுதான் தோன்றும். மறுநாள் வால்யூம் குமிழ் வேறு இடத்தில் நின்றால் அந்தத் தெளிவு போய்விடும். சீடி பிளேயரும் டாக்கும் தரும் முழு அளவு சுமார் 2 வோல்ட், பல போன்களின் ஹெட்போன் துளை தருவது 1 வோல்ட் அல்லது அதற்கும் கீழே. 2-க்கும் 1-க்கும் இடையில் 6 டெசிபல். இந்த இரண்டையும் அப்படியே மாட்டிக் கேட்டால் டாக் ஜெயிக்கும். அது ஒலியளவின் வெற்றி, டாக்கின் வெற்றி அல்ல.

சமப்படுத்தும் முறை:

1. முதல் கருவியை மாட்டி, வழக்கமாகக் கேட்கும் அளவில் 300 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம். விலை குறைந்த மீட்டர்கள் ஏசி-யை 400 ஹெர்ட்ஸ் வரைதான் நம்பகமாக அளக்கும்.
2. ஸ்பீக்கரின் பின்புற முனைகளில் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் வைத்து ஏசி வோல்ட்டைப் பாருங்கள். கம்பி முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிட வேண்டாம், ஆம்ப் போய்விடும்.
3. உதாரணமாக 1.000 வோல்ட் காட்டினால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கருவியை மாட்டி, 0.99-க்கும் 1.01-க்கும் இடையில் வரும்வரை அளவைத் திருத்துங்கள். 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்துவது என்றால் இதுதான்.
4. இடது, வலது இரண்டையும் தனித்தனியாக அளவிடுங்கள். பழைய ஆம்பின் வால்யூம் குமிழ் கீழ்நிலையில் இரண்டு பக்கத்தையும் சமமாகத் தராது.

எல்லா மீட்டரும் இதற்கு உதவாது. பரவலாகக் கிடைக்கும் மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டரில் ஏசிக்கு 200, 750 என்று இரண்டே அளவு. 200-இல் வைத்தால் திரை 0.1 வோல்ட் படியாகத்தான் நகரும். 1.0-க்கும் 1.1-க்கும் நடுவே 0.8 டெசிபல் ஒளிந்துகொள்ளும். ஏசி 2 வோல்ட் அல்லது 6 வோல்ட் அளவு உள்ள மீட்டரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஒரு நாள் இரவல் வாங்குங்கள். போனில் இருக்கும் டெசிபல் செயலி இந்த வேலைக்கு ஆகாது. கையை அரை அடி நகர்த்தினாலே அதன் அளவு மாறிவிடும்.

குமிழ் அரை டெசிபல் படியாகத்தான் நகர்கிறது என்றால், விண்டோஸ் கணினியில் 'ஈக்வலைசர் ஏபிஓ' போட்டு, அதன் ப்ரீஆம்ப் வரியில் பத்தில் ஒரு டெசிபல் கணக்கில் குறையுங்கள்.

அளவு சமமான பிறகும் நாளுக்கு நாள் மாறினால் இவற்றைப் பாருங்கள்:

மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது? நுணுக்கமான ஒலி நினைவு சில நொடிதான் நிற்கும். ஒயரைக் கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போனால், ஒப்பிடுவது நினைவில் எஞ்சிய கருத்தோடுதான், ஒலியோடு அல்ல. டாக்குகளை ஒப்பிட, ஆம்பின் இரண்டு இன்புட்டில் இரண்டையும் மாட்டி ரிமோட்டில் மாற்றினால் போதும். இரண்டு ஆம்பையும் ஒரு ஜோடி ஸ்பீக்கரையும் இணைக்க, 'இரண்டு ஆம்ப், ஒரு ஸ்பீக்கர்' வகை செலக்டர் பெட்டி வேண்டும். அது + முனையையும் − முனையையும் சேர்த்தே துண்டிக்க வேண்டும். முதல் ஆம்பை விட்ட பிறகே இரண்டாவதைத் தொட வேண்டும். சந்தையில் மலிந்திருக்கும் டிபிஏ3116 போன்ற சிறு கிளாஸ்-டி ஆம்புகளில் கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் உண்டு. கறுப்பு முனைகளைப் பொதுவாக்கும் செலக்டரில் அதை மாட்டினால் ஆம்ப் எரியலாம். எக்காரணம் கொண்டும் இரண்டு ஆம்பின் அவுட்புட்டை ஒரே ஸ்பீக்கரில் நேரடியாகச் சேர்க்காதீர்கள்.

ஃபேன், ஏ.சி. ஓடுகிறதா? தணிந்த விவரங்கள் எல்லாம் ஃபேன் காற்றிரைச்சலுக்கு அடியில் போய்விடும். ஒப்பிடும் பத்து நிமிடத்துக்கு இரண்டையும் நிறுத்துங்கள். நள்ளிரவுக்கு முன், தெரு அடங்கிய வேளை நல்லது.

காது ஓய்ந்திருக்கிறதா? ஒரு மணி நேரம் பைக்கில் வந்தவுடனோ, கல்யாண மண்டபத்து மேளச் சத்தத்திலிருந்து திரும்பியவுடனோ காதின் கூர்மை தற்காலிகமாக மழுங்கியிருக்கும். அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

## "பார்த்துக்கொண்டே கேட்டால் தெரிகிறது, மறைத்தால் தெரியவில்லை"

இது பழுதே அல்ல. சோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. கண் பார்த்ததையும் விலைச்சீட்டையும் சேர்த்துத்தான் மூளை கேட்கிறது. ஒலியியல் ஆய்வாளர்கள் ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களைப் பார்த்துக் கேட்டபோது கிடைத்த மதிப்பெண் வேறு, திரைக்குப் பின்னால் வைத்தபோது கிடைத்தது வேறு. கேட்டவர்களில் அனுபவசாலிகளும் இருந்தார்கள்.

மறைத்துக் கேட்கும்போது முறை சரியாக இருந்ததா என்று மட்டும் பாருங்கள். மாற்றிவிடும் ஆள் உங்கள் பார்வையில் படக்கூடாது. ஒவ்வொரு முறையும் பூவா தலையா போட்டுத்தான் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும், மனத்துக்குத் தோன்றியபடி மாற்றக்கூடாது. ரிலே (பெட்டிக்குள் இருக்கும் மின்சுவிட்ச்) 'டக்' என்று அடிக்கும் ஓசை ஒரு ஆம்பைக் காட்டிக்கொடுத்தால் சோதனை செல்லாது. ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் அதே 'டக்' கேட்கும்படி செய்யுங்கள். பதினாறு முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் வேறுபாடு கேட்கிறது என்று நம்பலாம். குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்கு மேல் வர வாய்ப்பு நூற்றுக்கு நான்குதான். ஐந்து முறை கேட்டு நான்கு சரி என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கோப்புகளை மட்டும் ஒப்பிட 'ஃபூபார்2000' என்ற பிளேயர் மென்பொருளின் ஏபிஎக்ஸ் (மறைத்துக் கேட்கும் சோதனை) இணைப்பு போதும். எண்ணிக்கையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பதினாறில் எட்டு ஒன்பது வந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் கடைக்குப் போங்கள்.

## "கடையில் தெரிந்தது, வீட்டில் இல்லை"

கடையின் கேட்பறையில் தடித்த திரைச்சீலை, கம்பளம், சோபா எல்லாம் இருக்கும். நம் வீட்டு அறையோ கான்கிரீட் கூரை, பூசிய சுவர், வழவழப்பான டைல்ஸ் தரை. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியின் மேல் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி வந்து ஏறுகிறது. இந்தக் குழப்பத்தில் ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வேறுபாடே மங்கும், டாக்கின் வேறுபாடு எந்த மூலைக்கு?

அறையின் நடுவில் நின்று ஒரு தரம் பலமாகக் கைதட்டுங்கள். 'டிங்ங்' என்று உலோகம் போல வால் நீண்டால் எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன.

முதலில் கேட்கும் இடத்தை நெருக்குங்கள். ஸ்பீக்கரிலிருந்து 10 அடியில் உட்கார்பவர் 5 அடிக்கு வந்தால் நேர் ஒலியின் பங்கு கணிசமாகக் கூடும். வேறுபாடு தெரிகிறதா என்று சோதிப்பதற்காவது இதைச் செய்யுங்கள், வீட்டில் யாரும் சோபாவை நகர்த்தச் சம்மதிக்காவிட்டாலும் பிளாஸ்டிக் நாற்காலி போதும்.

பிறகு கண்ணாடிச் சோதனை. நீங்கள் உங்கள் இடத்தில் உட்காருங்கள். துணை ஆள் கைக்கண்ணாடியைப் பக்கச் சுவரை ஒட்டியபடி நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் (ட்ரெபிள் தரும் சிறு ஸ்பீக்கர்) தெரிகிறதோ, அங்கேதான் முதல் எதிரொலி பிறக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் அந்த இடத்தை ஒரு புத்தக அலமாரியாலோ, 4 அங்குலத் தடிமனுள்ள ராக்வூல் பலகையாலோ மறையுங்கள். சோதனைக்கு மட்டும் என்றால் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்திவைத்தாலே தெரிந்துவிடும். தரையில் ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தடித்த கம்பளம் விரியுங்கள். ஜமக்காளம் மெலிது, மேல்வரிசை ஒலியை மட்டும் கொஞ்சம் பிடிக்கும். முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டுவதை விட்டுவிடுங்கள். உறிஞ்சும் அளவு அற்பம், தீப்பிடிக்கும் ஆபத்து பெரிது.

இவ்வளவும் செய்து பலன் தெரிந்து, இன்னும் முன்னேற வேண்டும் என்றால்தான் அளவு மைக் வாங்கும் கட்டம். யூமிக்-1 போன்ற யூ.எஸ்.பி. மைக்கும் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளும் போதும். ஒலியியல் வல்லுநரை அழைப்பது தனி ஹோம் தியேட்டர் அறை கட்டுபவர்களுக்கு, அதுவும் சுவர் பூசுவதற்கு முன்.

## "பேஸ் மட்டும் எதை மாற்றினாலும் அதேதான்"

அறையின் நீளம் பேஸைத் தீர்மானிக்கிறது. இரண்டு சுவருக்கும் நடுவே ஒலி அலை நின்று ஊசலாடும். 12 அடி நீள அறையில் அது சுமார் 48 ஹெர்ட்ஸில், 10 அடியில் சுமார் 57 ஹெர்ட்ஸில். நம் ஊரில் சாதாரணமான 10-க்கு 10 அறை, உயரமும் 10 அடி என்றால் மூன்று திசையும் ஒரே 57-இல் வந்து குவியும். அந்த ஒரு சுருதி மட்டும் 'பூம்' என்று எழும், பக்கத்துச் சுருதிகள் காணாமல் போகும். இந்த ஏற்ற இறக்கம் பத்து டெசிபலைத் தாண்டுவது சகஜம். இரண்டு ஆம்புக்கு இடையே அதில் நூறில் ஒரு பங்குகூட வேறுபாடு இருக்காது.

20–200 ஸ்வீப்பை மெல்லிய அளவில் ஓடவிட்டுக் கேளுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று குறியுங்கள். ஸ்வீப்பை ஓடவிட்டபடி ஒரு அடி முன்னே, ஒரு அடி பின்னே நகர்ந்து மறுபடி கேளுங்கள். மறைந்த சுருதி திரும்பினால் சிக்கல் அறையில். எங்கு நின்றாலும் திரும்பாவிட்டால் ஸ்பீக்கரில்.

அறையில் என்றால்: நட்ட நடு அறையில் உட்காராதீர்கள், அங்கே அந்த முதல் ஊசல் செத்துக் கிடக்கும். பின்சுவரில் முதுகு ஒட்டியும் வேண்டாம், அங்கே வீங்கும். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஏறக்குறைய 38 விழுக்காடு தூரத்தில் தொடங்கி அரை அடியாக நகர்த்துங்கள். ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள தூரமும் ஒரு பள்ளம் தோண்டும். கோன் சுவரிலிருந்து 1 மீட்டர் என்றால் 87 ஹெர்ட்ஸ் அருகே, 60 செ.மீ. என்றால் 145 அருகே. ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பதற்குக் காசில்லை.

ஸ்பீக்கரில் என்றால்: முன் வலையைக் கழற்றி வூஃபரைச் சுற்றியுள்ள ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோம் ஓரம் நம் ஈரக் காற்றில் பத்து, பதினைந்து ஆண்டில் பிசுபிசுத்து உதிரும். விரலால் அழுத்தினால் தூளாக வரும், அல்லது கோனுக்கும் ஓரத்துக்கும் நடுவே விரிசல் தெரியும். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து நேராக அழுத்தும்போது 'சர சர' என்று உரசினால் காயில் சாய்ந்துவிட்டது. ஓரம் மட்டும் போயிருந்தால் ஃபோம் மாற்றும் கடையில் கொடுங்கள், சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரிபாகம் கிடைக்கும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். காயில் உரசினால் வூஃபரை மாற்றத்தான் வேண்டும்.

## "ட்ரெபிளில் வேறுபாடு தெரியவில்லை"

ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கிறதா? ஸ்பீக்கர் டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் கிடந்தால் மேல்வரிசை ஒலி முழங்காலுக்குத்தான் போகும். தூக்கி வையுங்கள், உங்களை நோக்கிச் சற்றே திருப்புங்கள்.

அடுத்து ட்வீட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நாளிதழைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை ட்வீட்டர் மேலும் மறு முனையைக் காதிலும் வைத்து, தணிந்த அளவில் கேளுங்கள். 'ஸ், ச்' ஓசைகள் வர வேண்டும். வராவிட்டால் ஸ்பீக்கரின் பின்முனையில் மீட்டர் வைத்து ஏமாறாதீர்கள். அங்கே காட்டும் 6 ஓம் வூஃபருடையது. ட்வீட்டர் பாதையில் கெப்பாசிட்டர் இருப்பதால் மீட்டர் அதைப் பார்க்காது. நான்கு திருகைக் கழற்றி ட்வீட்டரை வெளியே எடுத்து, ஒரு ஒயரை உருவிவிட்டு, அதன் முனைகளிலேயே அளவிடுங்கள். 3-லிருந்து 7 ஓமுக்குள் இருந்தால் காயில் நலம், சிக்கல் கிராஸ்ஓவர் பலகையில் (பேஸையும் ட்ரெபிளையும் பிரித்து அனுப்பும் பலகை). மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் காயில் எரிந்துவிட்டது. முதலாவதற்கு டெக்னீஷியன், இரண்டாவதற்கு அதே மாடல் ட்வீட்டர்.

இரண்டும் சரியென்றால் காது. ஹெட்போனில் மோனோ குரலைக் கேளுங்கள். ஒரு பக்கம் மங்கினால் ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். மங்கல் ஹெட்போனோடு போனால் அது ஹெட்போன் கோளாறு. அதே காதில் நின்றால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று கேட்காமல் போயிருந்தால் அன்றே போங்கள், அதில் தாமதம் நிரந்தர இழப்பாகலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு 15 கிலோஹெர்ட்ஸ் டோன் கேட்காதது இயல்பு. அதற்காக இசையை விட்டுவிட வேண்டாம், பாட்டின் உயிர் அதற்கு வெகு கீழேதான் இருக்கிறது.

## "விலை கூடிய ஸ்பீக்கர் ஒயர் போட்டும் மாற்றமில்லை"

இருக்காது. ஹார்டுவேர் கடையில் 40/76 என்று கேட்டால் கிடைக்கும் ஒயர் 1.17 சதுர மி.மீ. செம்பு. ஐந்து மீட்டர் தூரத்துக்கு 8 ஓம் ஸ்பீக்கரில் அதன் இழப்பு சுமார் 0.16 டெசிபல். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.1-க்கும் கீழே. பழைய ஒயர் டெலிபோன் ஒயர் போல மெலிதாக, 0.2 சதுர மி.மீ. இருந்தால் மட்டும் ஏறக்குறைய ஒரு டெசிபல் போகும். அதை மாற்றினால் கேட்கும். புது ஒயரின் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் செம்பு முலாம் பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள்.

## "மெதுவாகக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான், சத்தம் கூட்டினால் ஒரு ஆம்ப் கரகரக்கிறது"

இது உண்மையான வேறுபாடு. சிறிய ஆம்ப் திணறுகிறது. 85 டெசிபல் உணர்திறன் (1 வாட் தந்தால் 1 மீட்டரில் கிடைக்கும் ஒலியளவு) உள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஆளுக்கு 1 வாட் தந்தால் 3 மீட்டர் தூரத்தில் 80 டெசிபல் அளவு கிடைக்கும். அது சராசரி. தவில் அடி, டிரம் அடி அதற்குமேல் 15 டெசிபல் எழும்போது 30 வாட் வேண்டும். 20 வாட் ஆம்ப் அந்த இடத்தில் முகடுகளை வெட்டிவிடும்.

சோதனை: வால்யூமைக் குறைத்தால் கரகரப்பு போகிறதா? போனால் ஆம்பின் சக்தி போதவில்லை. குறைத்த பிறகும் இருந்தால் காயில் உரசல் அல்லது தளர்ந்த முனை. ஆம்ப் மாற்றுவதானால் 50 வாட்டுக்குப் பதில் 60 வாட் வாங்காதீர்கள், அது ஒரு டெசிபல்கூட இல்லை. இரண்டு மடங்கு வாட்டுக்கு மூன்று டெசிபல்தான் கிடைக்கும். பல வீடுகளில் அதைவிட மலிவான வழி, உணர்திறன் 90 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கர்.

வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்பின் வேறுபாடும் இதுபோல் உண்மையானதுதான். அதன் அவுட்புட் மின்தடை அதிகம் என்பதால் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் ஒலியின் நிறம் மாறும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், பழுதல்ல.

## "பின்னணியில் 'ம்ம்ம்' என்ற உறுமல், அதில் எதுவும் பிரியவில்லை"

ஆம்பின் எல்லா இன்புட் ஒயரையும் உருவுங்கள். உறுமல் நின்றால் கோளாறு வெளியிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றாக மாட்டி எது கொண்டுவருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் செட்-டாப் பாக்ஸின் கேபிள் ஒயர் அல்லது லேப்டாப் சார்ஜர். கேபிளைக் கழற்றினால் நின்றால், அந்த வரிசையில் கேபிள் டிவி கிரவுண்ட் ஐசொலேட்டர் போடுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பலகையில் மாட்டுவதும் பல நேரம் தீர்த்துவிடும்.

எல்லா ஒயரையும் உருவியும் உறுமல் இருந்தால் ஆம்பின் உள்ளே ஃபில்டர் கெப்பாசிட்டர் களைத்திருக்கலாம். ஆம்பை ஆன் செய்து, பாட்டு இல்லாமல், ஸ்பீக்கர் முனைகளில் டிசி மில்லிவோல்ட் அளவிடுங்கள். 50-க்குக் கீழே என்றால் கவலையில்லை. நூற்றைத் தாண்டினால் டெக்னீஷியனிடம் கொடுங்கள். வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கரை உடனே கழற்றுங்கள், வூஃபர் எரியும். மூடியைத் திறந்து நீங்களே பார்க்க வேண்டாம், கெப்பாசிட்டர் பிளக்கை உருவிய பிறகும் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

உறுமலை நிறுத்துவதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆம்பின் உலோக மூடியில் மின்சாரம் ஏறினால் தடுக்க வேறு எதுவும் இல்லை. எர்த் பின்னை வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்தப் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் என்று அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வீட்டு எர்த்திங்கைச் சரிசெய்ய வேண்டும்.